கடைசிப் பெஞ்சில் ஒன்பது பேர்

வேண்டாம் சார், நீங்க சாப்பிடுங்க. கடலை மிட்டாயைப் பார்த்தா எனக்கும் நாக்கு ஊறத்தான் செய்யுது. ஆனா சுகர் இருக்கு. சாதாரண சுகர் இல்ல, முந்நூத்தி எழுபத்தெட்டு வரைக்கும் ஏறின சுகர். எப்படி வந்ததுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "நற்கருணையில வந்தது"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, தலை சுத்துதா, பேச்சு குழறுதான்னு கேட்க ஆரம்பிச்சிட்டாங்க.

என் பேரு தங்கையா. ரிட்டையர்டு ஐயர். பூணூல் போட்ட ஐயர் இல்ல சார். திருநெல்வேலிப் பக்கம் எங்க சபையில பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவாங்க. அவர் சம்சாரம் ஐயரம்மா. அவங்க குடியிருக்கிற வீடு மழைக்கு ஒழுகினாலும் பேரு பங்களா. முப்பத்திரண்டு வருஷம் ஐயரா இருந்தேன். அதுல இருபத்தெட்டு வருஷம் எனக்கு எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நினைப்பு எப்படிப் போச்சுன்னு சொல்லுதேன். இந்த பஸ் தென்காசி போய்ச்சேர இன்னும் ஒண்ணரை மணி நேரம் ஆகும். நீங்க ஜன்னல் சீட்டு வேற. என்னைத் தாண்டித்தான் இறங்கணும்.

என்கிட்ட மூணு நோட்டு இருந்தது சார். ஒவ்வொரு நோட்டுலயும் ஒரு வருஷத்துக்கான பிரசங்கம். மூணு வருஷம் ஆனா எங்களை வேற ஊருக்கு மாத்திருவாங்க. புது ஊருக்குப் போனா முதல் நோட்டை எடுக்க வேண்டியது. கேக்குறவங்களுக்கு அது புதுப் பிரசங்கம்தானே? எந்த இடத்துல குரலை உயர்த்தணும், எங்க கண்ணாடியைக் கழட்டித் துடைக்கணும், எல்லாம் ஓரத்துல குறிச்சு வச்சிருப்பேன். "கண்ணாடி"ன்னு சிவப்பு மையில எழுதியிருக்கும்.

எபநேசர்புரம்னு ஒரு ஊருக்கு மாத்தலாகிப் போனேன். அங்க போனப்புறம் எங்க சபைத் தேர்தல் கோர்ட்டுக்குப் போயிட்டு. கேசு முடியுற வரைக்கும் யாரையும் மாத்தக் கூடாதுன்னு தடை. மூணு வருஷம் முடிஞ்சது, மூணு நோட்டும் முடிஞ்சது, நான் மட்டும் அங்கேயே இருக்கேன். என்ன செய்ய? மறுபடி முதல் நோட்டை எடுத்தேன். காணாமப் போன ஆட்டுக்குட்டியைப் பத்திப் பிரசங்கம். நல்லாத்தான் சொன்னேன். கண்ணாடியை எல்லாம் கழட்டினேன்.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல நின்னு எல்லாருக்கும் கை கொடுக்கேன். சுகிர்தம்னு ஒரு பொம்பளை வந்தாங்க. அம்பத்தஞ்சு வயசு இருக்கும், புருஷன் இல்லை, பீடி சுத்திப் பிழைக்கிறவங்க.

"தோத்திரம் ஐயா. போன தடவை ஆட்டுக்குட்டி மூணு நாள் கழிச்சுல்லா கிடைச்சுது? இந்தத் தடவை ரெண்டே நாள்ல கிடைச்சிட்டே!"

கேலி பண்ணுதாங்களான்னு முகத்தைப் பார்த்தேன். இல்ல சார், நிஜமாவே சந்தோஷம். ஆடு சீக்கிரம் கிடைச்சதுல.

"உங்களுக்கு எப்படிம்மா இவ்வளவு ஞாபகம்?"

"கைதான ஐயா பீடி சுத்துது? காதும் மனசும் சும்மாத்தான கிடக்கு? மத்தியானம் மத்தியானம் நாங்க பைபிள் வாசிக்கோம். புதிய ஏற்பாடு முடிஞ்சுட்டு. இப்பம் ஆதியாகமத்துல ஆரம்பிச்சு வாறோம்."

மறுநாள் போய்ப் பார்த்தேன். சுகிர்தத்தோட வீட்டு முன்னாடி ஓலைப் பந்தல்ல ஒன்பது பொம்பளைங்க. எட்டுப் பேர் மடியில சுளகு, அதான் முறம், அதுல இலையும் தூளும். ஒருத்தி மட்டும் சுளகு இல்லாம வாசிக்கா. வாசிக்கிறவ சுத்த வேண்டிய ஆயிரம் பீடியை மத்த எட்டுப் பேரும் பங்கு போட்டுச் சுத்திக் கொடுத்துருவாங்களாம். ஒவ்வொருத்தியும் நூத்தி இருபத்தஞ்சு கூடுதல். இருபத்தேழு வருஷமா நான் வாசிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குனவன். வாசிப்பைக் கேக்கிறதுக்கு நூத்தி இருபத்தஞ்சு பீடி கூடுதலாச் சுத்துற ஆளுகளை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

பார்த்து என்ன பண்ணினேன்னு கேளுங்க. வருஷாந்திர அறிக்கையில, "சேகர குருவானவரின் பெருமுயற்சியால் பெண்கள் வேதாகம வகுப்பு தொடங்கப்பட்டுச் சிறப்பாக நடைபெறுகிறது"ன்னு எழுதி பிஷப்புக்கு அனுப்பிட்டேன். சேகர குருவானவர்னா நான்தான். பாராட்டி ஒரு கடிதம் வந்தது. அதை லேமினேட் பண்ணி ஹால்ல மாட்டினேன். இப்பவும் வீட்டுல இருக்கு. வந்தா காட்டுதேன்.

அந்த வாசிக்கிற பிள்ளையைப் பத்திச் சொல்லணும். அவ பேரு தேவகனி. முப்பது வயசு. சுடலைமுத்துன்னு வேன் ஓட்டுற பையனை ரிஜிஸ்தர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டா. அவன் கிறிஸ்தவன் இல்ல. கோயில்ல, அதான் சர்ச்சுல, நடக்காத கல்யாணம்னு அவளை நற்கருணையில இருந்து விலக்கி வச்சிருந்தாங்க. நற்கருணைன்னா, பீடத்துக்கு முன்னால முழங்கால் போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குறது. எங்களுக்கு அதைவிடப் பெருசு எதுவும் கிடையாது. விலக்குனது எனக்கு முன்னால இருந்த ஐயர். பிரசங்க பீடத்துல நின்னு பேரைச் சொல்லி வாசிச்சிருக்கார். நான் வந்தப்ப ஃபைல்ல இருந்தது. ஃபைல்ல இருக்கிறதை நான் எதுக்கு எடுக்கப் போறேன்? மாசாமாசம் நற்கருணை ஞாயித்துக்கிழமை எல்லாரும் எழும்பிப் போவாங்க. அவ கடைசிப் பெஞ்சுல குனிஞ்சு உட்கார்ந்திருப்பா. ஆறு வருஷம். அவ மகளுக்கு அஞ்சு வயசு, அதுக்கும் ஞானஸ்நானம் கிடையாது.

ஒருநாள் சுகிர்தம் பங்களாவுக்கு வந்தாங்க. பின்னால மத்த ஏழு பேரும். தேவகனி வரலை.

"ஐயா, ஒரு சந்தேகம். கொரிந்தியருக்கு எழுதுன நிருபத்துல பவுல் என்ன சொல்லுதாருன்னா, விசுவாசமில்லாத புருஷன் பெண்டாட்டியால சுத்தமாயிருதான், பிள்ளைகளும் சுத்தம்தான்னு சொல்லுதாரு. நாம அதை மாத்திப் போட்டுட்டமோ? புருஷனால பெண்டாட்டி அசுத்தமாயிட்டான்னு வச்சிருக்கோமே?"

தெரியாதப்ப சொல்லுறதுக்குன்னு ஒரு பதில் வச்சிருப்பேன். அதைச் சொன்னேன்.

"கிரேக்க மூலத்துல அதுக்கு அர்த்தம் வேறம்மா."

"என்ன அர்த்தம் ஐயா?"

யாரும் அதுவரைக்கும் அடுத்த கேள்வி கேட்டதே இல்லை சார். கிரேக்கம்னா அதோட பேச்சு முடிஞ்சு போகும். "அடுத்த வாரம் விளக்கமாச் சொல்லுதேன்"னு அனுப்பி வச்சேன். செமினரியில கிரேக்கத்துல நான் வாங்குனது நாப்பத்தொரு மார்க். அதுலயும் ஆறு மார்க் வாத்தியார் போட்ட பிச்சை. டிரங்குப் பெட்டியை இறக்கிப் பழைய புஸ்தகத்தைத் தேடினேன். பூச்சி அரிச்சிருந்தது. அரிக்காத பக்கமும் எனக்குப் புரியலை.

அடுத்த வாரம் விளக்கம் சொல்லலை. ஒரு அறிவிப்பு வாசிச்சேன். "சேகர குருவானவரின் அனுமதியின்றி வீடுகளில் கூட்டமாக வேதம் வாசிக்கக் கூடாது." டாக்டர் சீட்டு இல்லாம மாத்திரை வாங்கலாமான்னு ஒரு உதாரணமும் சொன்னேன். கமிட்டிச் செயலாளர் பொன்னுத்துரை சார், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், முன்வரிசையில தலையைத் தலையை ஆட்டினார்.

அந்தப் பொம்பளைங்க எதிர்த்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். அவங்க கீழ்ப்படிஞ்சாங்க சார். அதுலதான் நான் செத்தேன்.

மறுநாள் மத்தியானம் ரெண்டு மணி. சாப்பிட்டுட்டு அப்பத்தான் கண்ணசந்தேன். "ஐயா, இன்னைக்கு எண்ணாகமம் அஞ்சாம் அதிகாரம் வாசிக்கலாமா?" சரின்னேன். அதுக்கு அடுத்த நாள் ரெண்டு மணி. "ஐயா, ஆறாம் அதிகாரம்?" ஞாயிறு தவிர தினமும் ரெண்டு மணிக்கு அனுமதி. "மொத்தமா அனுமதி தந்திருதேன், போங்க"ன்னா, சுகிர்தம் பணிவா, "இல்ல ஐயா, சில அதிகாரம் ஆபத்தா இருந்தா என்ன செய்ய? நீங்க பார்த்துச் சொல்றதுதான் எங்களுக்குப் பாதுகாப்பு"ங்குறாங்க. பத்து நாள் தூக்கம் இல்லாம எனக்குக் கண்ணு கோவைப்பழம் மாதிரி ஆயிட்டு. கடைசியில, "அம்மா, இங்கேயே பங்களா வராந்தாவுல உட்கார்ந்து வாசிங்க. நான் உள்ள இருந்து மேற்பார்வை பாக்கேன்"னேன். மேற்பார்வைன்னா படுத்துக்கிட்டு.

அப்படி என் வீட்டு வராந்தாவுக்கே பீடிச் சுளகு வந்துட்டு. என் சம்சாரம் லில்லி முதல் ரெண்டு நாள் தும்மினா. மூணாம் நாள் வாசப்படியில உட்கார்ந்து கேட்டா. ஒரு வாரத்துல இலை வெட்டப் பழகிட்டா. எம்.ஏ. படிச்சவ சார், கத்தரியைப் பிடிச்சுக்கிட்டு, "சுகிர்தமக்கா, இந்த அளவு சரியா?"ன்னு கேக்கா.

நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் கட்டில்ல படுத்துக் கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். தேவகனிக்கு நல்ல குரல். அவசரமே படமாட்டா. ஒருநாள் எண்ணாகமம் இருபத்தேழாம் அதிகாரம் வந்தது. செலோப்பியாத்னு ஒருத்தர் செத்துப்போறார். ஆண்பிள்ளை இல்லை, அஞ்சு பொண்ணுங்க. எங்க அப்பாவுக்கு உள்ள நிலத்தை எங்களுக்குக் கொடுக்கணும்னு அந்த அஞ்சு பேரும் கூடார வாசல்ல, மோசே, ஆசாரியன், பிரபுக்கள், மொத்தச் சபை, எல்லார் முன்னாலயும் வந்து நிக்காங்க. மோசே போய் ஆண்டவர்கிட்ட கேக்கார். அந்தப் பொண்ணுங்க சொல்லுறது சரிதான்னு ஆண்டவர் சொல்லுதார். சட்டமே மாறிப்போகுது.

என் மூணு நோட்டுலயும் அது கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பாடத்துல வராது, அதனால நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. வராந்தாவுல பீடி சுத்துற சத்தம் நின்னு போச்சு. சர்சர்னு கேட்டுக்கிட்டே இருக்கிற சத்தம் நின்னா, ஃபேன் நின்ன மாதிரி முழிப்பு வந்துரும். எழும்பி உட்கார்ந்துட்டேன்.

சுகிர்தத்தோட குரல் மெதுவாக் கேட்டுச்சு. "மோசேக்கே தெரியல பாத்தியாட்டி. தெரியலன்னதும் போய்க் கேட்டிருக்காரு."

அவ்வளவுதான் சொன்னாங்க. கிரேக்கத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. எனக்குத்தான் காது சுட்டுச்சு.

அடுத்த கமிட்டிக் கூட்டம் கோயிலை ஒட்டின அறையில நடக்கு. நிமிர்ந்து பார்த்தா வாசல்ல எட்டுப் பேர். இல்ல, ஒன்பது. ஒன்பதாவது என் சம்சாரம். அன்னைக்கும் தேவகனி வரலை. அவளுக்காகத்தான் இவங்க வந்தது.

"தேவகனியை நற்கருணையில சேர்க்கணும்"னாங்க சுகிர்தம்.

பொன்னுத்துரை சார் எழும்பிட்டார். "இது கமிட்டி. கூட்டத்துல உறுப்பினர் மட்டும்தான் பேசலாம். ஐயா, சட்டத்தை மீறி நீங்க ஏதாவது செஞ்சா நான் மேலிடத்துக்கு எழுத வேண்டிவரும்."

எல்லாரும் என்னையே பாக்காங்க. எனக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. மோசே மாதிரியே செஞ்சிரலாம்! நிமிர்ந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "இந்தக் காரியத்தை நான் பிஷப்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்"னேன்.

சுகிர்தம், "மோசே ஆண்டவர்கிட்டல்லா ஐயா கேட்டாரு. பிஷப்கிட்டயா கேட்டாரு?"ன்னாங்க.

கமிட்டியில ரெண்டு பேர் சிரிச்சிட்டாங்க. நான் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சேன். நோட்டுல எழுதாமலே.

பிஷப்புக்கு எழுதினேன். பதில் வர்றதுக்குள்ள நற்கருணை ஞாயிறு வந்துட்டு. முதல்ல ஆண்கள் பக்கம் வந்து வாங்கிட்டுப் போனாங்க. பெண்கள் பக்கம் முன்வரிசையில நாலைஞ்சு பேர் வந்தாங்க. அப்புறம் யாருமில்லை. பார்த்தா, கடைசிப் பெஞ்சுல தேவகனி, அவ பக்கத்துல சுகிர்தம், வரிசையா ஒன்பது பேரும் நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தியும் எழும்பலை. அவங்க எழும்பாததைப் பார்த்து மத்தவங்களும் எழும்பலை. சத்தம் போடலை, கொடி பிடிக்கலை. சும்மா உட்கார்ந்திருந்தாங்க. லில்லி மட்டும் வந்து முழங்கால் போட்டா. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தா, கையை நீட்டலை. எழும்பிப் போய்க் கடைசிப் பெஞ்சுல இடம் பிடிச்சு உட்கார்ந்துட்டா.

எங்க முறையில ஒரு ஒழுங்கு உண்டு சார். பிரதிஷ்டை பண்ணின அப்பமும் ரசமும் மீதி இருந்தா கொட்டக் கூடாது. குருவானவர் அங்கேயே உட்கொள்ளணும். கோயில்பிள்ளை யோபு, அதான் மணி அடிக்கிறவர், மீதியில பங்குக்கு வர்றவர், அவருக்கு அன்னைக்கு வயித்துவலி. நூத்தி நாப்பது பேருக்கு ஊத்துன ரசம். திராட்சையும் சீனியும் போட்டு என் சம்சாரமே காய்ச்சினது, பாகு மாதிரி இருக்கும். பீடத்துக்குத் திரும்பி நின்னு ஒரு செம்பு ரசத்தையும் நான் ஒருத்தனே குடிச்சேன். சபையே பார்த்துக்கிட்டு இருக்கு. குடிக்கக் குடிக்க நெஞ்சு நிறையுது. எனக்குச் சுகர் இருக்கிறது அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

அடுத்த மாசமும் அதே கதை. அன்னைக்குத்தான் பீடத்துப் படியில கண்ணு இருட்டி உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில முந்நூத்தி எழுபத்தெட்டு. பார்க்க வந்த சுகிர்தம் கட்டில் பக்கத்துல நின்னு அழுதாங்க. "உங்களைக் கஷ்டப்படுத்த நினைக்கல ஐயா. அவளை விட்டுட்டு எங்களுக்கு மட்டும் தொண்டையில இறங்க மாட்டேங்கு."

பிஷப்போட பதிலும் அந்த வாரமே வந்தது. "விதிமுறைகளுக்கு உட்பட்டு உள்ளூரிலேயே தகுந்த நடவடிக்கை எடுத்துக்கொள்ளவும்." மூணு தடவை வாசிச்சேன். கிரேக்கம் பரவாயில்லைன்னு ஆயிட்டு.

சரி, சேர்த்துருவோம்னு முடிவு பண்ணினேன். தேவகனியைப் பங்களாவுக்கு வரச்சொல்லி, பெரிய மனுஷன் மாதிரி, "நீ அடுத்த நற்கருணைக்கு வரலாம்மா. உன் மகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கேன்"னேன். கையெடுத்துக் கும்பிடுவான்னு எதிர்பார்த்தேன்.

அவ நின்னபடியே கேட்டா. "ஐயா, என்னை விலக்குனப்ப பிரசங்க பீடத்துல நின்னு பேரைச் சொல்லி வாசிச்சாங்க. எங்க அம்மா அன்னைக்குத் தலை குனிஞ்சவதான், சாகுற வரைக்கும் நிமிரல. இப்பம் மட்டும் பங்களாவுக்குள்ள வச்சு ரகசியமாச் சேத்துக்கிட்டா எப்படி? நான் செஞ்சது தப்புன்னா சொல்லுங்க, விலகியே இருக்கேன். விலக்குனது தப்புன்னா, அதையும் அங்கேயே நின்னு சொல்லுங்க."

ரெண்டு நாள் உட்கார்ந்து பதினோரு பக்கம் எழுதினேன். ஆபிரகாம்ல ஆரம்பிச்சேன். காலச்சூழல், சபையின் ஒழுங்கு, கிருபையின் ஆழம், எல்லாம் வந்தது. லில்லி வாசிச்சுப் பார்த்துட்டுக் கேட்டா, "நல்லாருக்கு. இதுல தப்புங்கிற வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்கு?"

இல்லை சார். பதினோரு பக்கத்துலயும் இல்லை.

பின்னால நடந்ததை முதல்ல சொல்லிருதேன். பொன்னுத்துரை சார் பெட்டிஷன் போட்டார். கோர்ட்டுத் தடை எனக்கு மட்டும் எப்படி விலகுச்சோ, ரெண்டே மாசத்துல மலைமேல இருபத்தஞ்சு வீடு உள்ள ஒரு சபைக்கு என்னை மாத்திட்டாங்க. ரிட்டையர் ஆகுற வரைக்கும் அங்கதான். இன்னைக்கும் யாராவது கேட்டா, எபநேசர்புரத்துல அந்தப் பிள்ளையைச் சேர்த்தது நான்தான்னு சொல்லுவேன். லில்லி பக்கத்துல இருந்தா இருமுவா.

அந்த ஞாயித்துக்கிழமை பிரசங்க பீடத்துல ஏறினேன். பதினோரு பக்கமும் பையில இருந்தது. எடுக்கலை. கடைசிப் பெஞ்சைப் பார்த்தேன். "தேவகனியை விலக்கி வச்சது தப்பு. முதல்ல வச்சவர் மேல பழியைப் போட்டு நாலு வருஷம் நானும் வச்சிருந்தேன். அது என் தப்பு. தேவகனி, எங்களை மன்னிச்சிரும்மா." அவ்வளவுதான் வந்தது. என் வாழ்நாள்லயே சின்னப் பிரசங்கம். இறங்கிட்டேன்.

நற்கருணை நேரம் வந்தது. ஒன்பது பேரும் எழும்பி வந்தாங்க. தேவகனி நடுவுல முழங்கால் போட்டா. வலது கையை இடது கைமேல வச்சு நீட்டினா. வருஷக்கணக்கா இலையும் தூளும் பட்டுக் கறுத்த விரல். நான் அப்பத்தை எடுத்தேன். அந்த நேரத்துல சொல்ல வேண்டிய வார்த்தை ஒண்ணு உண்டு. லட்சம் தடவை சொல்லியிருப்பேன். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன்.

வரலை சார். ஒரு எழுத்தும் வரலை. அப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கேன்.

அவ நிமிர்ந்து என்னைப் பார்த்தா. யாருக்கும் கேக்காம, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, மெதுவா அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தா.

"உனக்காகக் கொடுக்கப்பட்ட..."

அவ சொல்லச்சொல்ல நான் பின்னாலயே சொல்லி முடிச்சேன்.